கடைமடையின் சாட்சியம்

பட்டப்படிப்பை முடிக்கும் நிலையிலுள்ள மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என்னைக் காண வந்தார். மேற்படிப்புக்கான உதவித்தொகை கோரும் படிவம் அது. பெயர், பிறந்த நாள், மதிப்பெண் எல்லாவற்றையும் தடையின்றி நிரப்பியிருந்தார். கடைசிப் பக்கத்திலிருந்த ஒரு கேள்வியே அவரை நிறுத்தியிருந்தது. குழுவாகச் செய்த பணி ஒன்றில் தலைமை ஏற்ற அனுபவத்தை விவரிக்க வேண்டும். தலைமைப் பண்பில் தம் நிறைகள் எவை, குறைகள் எவை என்று எழுத வேண்டும். நிறைகளுக்கு ஏழெட்டு வரிகள் எழுதிவிட்டார். குறைகளுக்காக விடப்பட்ட இடம் வெறுமையாகவே இருந்தது.

"கூட்டாளிகளைக் கேட்டேன் சார். 'அளவுக்கு மீறி உழைப்பேன்னு எழுது. குறை சொன்ன மாதிரியும் இருக்கும், நிறை சொன்ன மாதிரியும் இருக்கும்' என்கிறார்கள்" என்றார்.

இருவரும் சிரித்தோம். ஆயினும் அவர் சென்ற பின்னர் அந்த வெற்றிடம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதே படிவத்தை என்னிடம் நீட்டியிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? என்னிடம் ஒரு விடை ஆயத்தமாகவே இருந்தது. பல்லாண்டுகள் அதனை மனத்தில் சுமந்திருந்தேன். ஒப்புரவு அருட்சாதனத்திலும் ஒருமுறை அறிக்கையிட்டிருக்கிறேன். அந்த விடை பாதிதான் சரி என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அறிந்தேன். அதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறேன்.

வாய்க்கால் வெட்டிய கதை

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏட்டுக் கல்வியோடு ஊர்ப்பணியும் மாணவர்க்கு வேண்டும் என்பது அதன் நோக்கம். நகரத்து வகுப்பறைகளில் வளர்ந்த எங்களில் பலருக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுத் தந்தது அத்திட்டத்தின் சிறப்பு முகாமே.

நான் மாணவனாக இருந்தபோது அத்தகைய பத்து நாள் முகாம் ஒன்றுக்கு மாணவர் தலைவனாக நியமிக்கப்பட்டேன். பாளையங்கால்வாயின் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர். கார் அறுவடை முடிந்து, பிசானத்திற்கு நீர் வருவதற்கு முன்னான புரட்டாசி மாதம். கால்வாயிலிருந்து பிரிந்து வயல்களுக்குச் செல்லும் கிளைவாய்க்கால் ஒன்று மண்மேடிட்டும், நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டியும் தூர்ந்து கிடந்தது. அதைத் தூர்வாருவது எங்கள் பணி. நாங்கள் 50 பேர். ஊர்த் தொடக்கப் பள்ளியே எங்கள் தங்குமிடம்.

எனக்குத் திட்டமிடுவதில் திறமை உண்டு என்று அப்போதே பெயர். முதல் நாள் இரவே குழுக்களைப் பிரித்துப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வலுவுள்ளவர்கள் மண்வெட்டிக்கு, அடுத்தவர்கள் மண் சுமக்க, மெலிந்தவர்களும் பேசாதவர்களுமான மூவர் சமையலுக்கு. அந்த மூவரில் ஒருவன் பக்கத்து ஊர்க்காரன். அவன் தந்தை வயல்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சும் பணி செய்தவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

மறுநாள் காலையில், சாலையோரமாய், மர நிழல் உள்ள தலைமடைப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினோம். நண்பகலுக்குள் முழங்காலளவு ஆழம் போய்விட்டது. வருவோர் போவோர் எல்லாரும் நின்று பார்த்துப் பாராட்டினார்கள். சுக்குக் காப்பித் தூக்குவாளியோடு வந்த அந்தச் சமையற்குழு நண்பன், வெட்டிய இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்:

"ஏலே, கடைமடையில இருந்துல்லா வெட்டிட்டு வரணும். இங்க ஆழமாப் போட்டா தண்ணி தேங்கிரும்."

"நீ முதல்ல மத்தியானச் சோத்தப் பாரு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் இலேசாகச் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பத்து நாள்களில் பணி முடிந்ததாக அறிவித்தோம். உண்மையில் தலைமடைப் பகுதி ஆழமாகவும் அழகாகவும் வெட்டப்பட்டிருந்தது. கடைப்பகுதிக்குச் சென்று சேர்ந்தபோது நாள்களும் கைகளும் ஓய்ந்துவிட்டன. அங்கே செடிகளை அகற்றியதோடு சரி. நிறைவு விழா நடந்தது. பாராட்டுரை, பரிசு எல்லாம் கிடைத்தன. பிசானத்திற்கு நீர் திறந்த சில நாள்களில், பரிசுக் கோப்பையின் பளபளப்பு மங்குமுன், அவ்வூருக்கு மீண்டும் சென்றேன். நாங்கள் வெட்டிய இடத்தில் நீர் குளம்போல நின்றது. அதற்கப்பால் மேடேறி ஓட வழியில்லாமல் கடைமடை வயல்கள் காய்ந்து கிடந்தன. வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் கோபமே இல்லாமல் சொன்னார்:

"வெட்டினது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தண்ணி நிக்கல்லா செய்யுது, போகலியே."

பின்னர் ஊரார் தாங்களே கூடிக் கீழ்ப்பகுதியை வெட்டிச் சமன்செய்துகொண்டதாக அறிந்தேன். எங்களால் அவர்களுக்கு விளைந்தது, ஒரு வேலை இரண்டு வேலையானதே.

தன்வலியும் துணைவலியும்

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்திற்கு 'வலியறிதல்' என்று பெயர். செய்யும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவன் வலிமை, துணையாக வருவோரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அரசனை நோக்கிச் சொல்லப்பட்டதாயினும், ஐம்பது பேரை நடத்தும் மாணவனுக்கும் இது பொருந்தும். எங்களுக்கு எதிரி மண்மேடு. அதன் வலிமையை நான் அளக்கவில்லை. நீர் மேட்டில் ஏறாது என்னும் எளிய உண்மையைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. என் வலிமையை மிகையாக மதித்தேன். துணைவலியையோ அடுப்படியில் உட்கார வைத்துவிட்டேன். ஐம்பது பேரில் நீரோட்டம் அறிந்த ஒரே ஒருவன் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

ஆகவே என் குறை எது என்று யாரேனும் கேட்டால், 'அவசரமும், பிறர் சொல் கேளாமையும்' என்று விடை வைத்திருந்தேன். இன்னொன்றையும் கண்டுகொண்டதாக எண்ணினேன். என் நிறையும் குறையும் இருவேறு பொருள்கள் அல்ல. ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். விரைந்து முடிவெடுப்பவன் என்று என்னைப் பாராட்டினார்கள். அந்த விரைவுதான் நண்பனின் சொல்லைக் கேளாமல் கடந்தது. பட்டியல் போட்டுப் பணி பிரிப்பவன் என்றார்கள். அந்தப் பட்டியலே மனிதரைப் பார்க்க விடாமல் மறைத்தது. நம் குறைகளைத் தேட வேண்டுமாயின் நாம் பெரிதும் பாராட்டப்படும் இடத்திற்குப் பின்னால் தேட வேண்டும். இவ்வளவும் உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் இது போதுமானதாக இல்லை.

நான் அறியாத குறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் அந்த நண்பரைக் கண்டேன். ஊரிலேயே தங்கிப் பயிர் செய்கிறார். பந்தி முடிந்து வெளியே நாற்காலிகளை இழுத்துப் போட்டு அமர்ந்தோம். நெடுநாள் சுமையை இறக்கிவிடும் ஆவலில், வாய்க்கால் கதையை எடுத்தேன். அன்று அவர் சொன்னதைக் கேளாமல் போனேன், எல்லார் முன்னிலும் இழிவாகப் பேசினேன், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல வே" என்றார். சற்றுப் பொறுத்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே தொடர்ந்தார். "கடைசி நாள் ராத்திரி மேடையில நீரு எல்லார் பேரையும் சொல்லி நன்றி சொன்னீரு. எங்க மூணு பேரை மட்டும் 'சமையல் பார்த்தவங்க'ன்னுட்டீரு. பக்கத்து ஊருதானேன்னு எங்க அம்மை அன்னைக்குப் பாக்க வந்திருந்தா. மவன் பேரச் சொல்வாங்கன்னு முன்னால உக்காந்திருந்தா. அதுதான் ஞாபகம் இருக்கு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடையாகவே சொன்னார். அந்த அம்மையார் அப்போது உயிரோடு இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது அவரிடமும்தான்.

பத்து நாளும் காலை நான்கு மணிக்கு எழுந்து ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டியவர்கள் அந்த மூவர். நாற்பத்தாறு பேரின் பெயரைப் பிழையின்றிச் சொன்ன எனக்கு, அந்த மூன்று பெயர்களையும் சொல்ல மூன்று நொடிகள் போதும். வெறுப்பினால் விடவில்லை, மறந்தும் விடவில்லை. அவர்கள் என் கணக்கில் ஆள்களாக இல்லை, ஒரு வேலையாக இருந்தார்கள். நான் இத்தனை காலம் வருந்திக்கொண்டிருந்தது என் திட்டம் தோற்றதற்காக. அவரைப் புண்படுத்தியதோ, திட்டம் வென்றதாக நான் கொண்டாடிய இரவு. என் குற்றத்தை நானே தேர்ந்தெடுத்து, நானே விசாரித்து, நானே வருந்தி முடித்திருந்தேன். உண்மையான வழக்கு பதிவே ஆகவில்லை.

மோசேயும் மாமனாரும்

விடுதலைப் பயண நூலில் மோசே தம் குறையைக் கடவுளிடம் தாமே எடுத்துரைக்கும் காட்சி ஒன்று உண்டு. தமக்கு நாவன்மை இல்லை, பேச்சுத் திணறும் என்று சொல்லிப் பணியிலிருந்து விலகப் பார்க்கிறார். அது உண்மையான குறைதான். ஆனால் அதே நூலின் 18ஆம் அதிகாரத்தில் மாமனார் இத்திரோ வந்து கண்ட குறை முற்றிலும் வேறு. காலை முதல் மாலை வரை மக்கள் வரிசையில் நிற்க, மோசே ஒருவரே அமர்ந்து எல்லா வழக்குகளையும் தீர்த்துக்கொண்டிருக்கிறார். மோசேயின் கண்ணுக்கு அது தொண்டு. மக்கள் தம்மைத் தேடி வருகிறார்கள் என்ற நிறைவு. இத்திரோவின் கண்ணுக்கோ, அவரும் சோர்ந்து மக்களும் சோரும் வழி. ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவர்களை ஏற்படுத்துமாறு அவர் அறிவுரை தருகிறார்.

இங்கே இரண்டு செய்திகள் சிந்திக்கத்தக்கவை. மோசே தாமே அறிந்திருந்த குறை அவர் நாவில் இருந்தது. அறியாத குறை அவர் உழைப்பில் இருந்தது. அறிந்த குறைக்கு ஆரோன் துணையாகக் கிடைத்தார். அறியாத குறையைச் சொல்ல ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. இத்திரோ இஸ்ரயேலர் அல்லர், மிதியானின் அர்ச்சகர். வந்து ஒரு நாள் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. கடவுளோடு பேசியவர் மாமனாரின் சொல்லையும் கேட்டு, அப்படியே செய்தார் என்பது மோசேயின் பெருமை. தூக்குவாளியோடு வந்தவனின் சொல்லை நான் கேட்டிருந்தால் என் கதையும் வேறாகியிருக்கும்.

ஓர் அறையில் தங்கிய மாணவர்கள்

மாணவர் குழு ஒன்று தன் தலைவரைத் தேர்ந்துகொண்ட கதை நம் திருச்சபை வரலாற்றிலேயே உண்டு. 1529ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் தூய பார்பரா கல்லூரியில் பீட்டர் பேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் தங்கியிருந்த அறைக்கு, அவர்களைவிட வயதில் மிக மூத்த மாணவராக இஞ்ஞாசியார் வந்து சேர்ந்தார். 1534 ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்தர் குன்றில் எழுவர் வாக்குறுதி எடுத்துக்கொண்டனர். 1539இல் உரோமையில் கூடி, நமக்குள் ஒருவருக்கு நாம் கீழ்ப்படிய வேண்டுமா என்பதை ஏறத்தாழ மூன்று மாதங்கள் செபித்தும் உரையாடியும் முடிவு செய்தனர். 1541 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. சவேரியார் அதற்கு முந்தைய ஆண்டே கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டுவிட்டதால், தம் வாக்கை முன்னதாகவே எழுதி வைத்துவிட்டுச் சென்றிருந்தார்.

எல்லாரும் இஞ்ஞாசியாரையே தேர்ந்தெடுத்தனர். அவரோ தம்மைத் தவிர வேறு எவர் மிகுதியான வாக்குகள் பெறுகிறாரோ அவருக்கே தம் வாக்கு என்று எழுதியிருந்தார். தம் பழைய பாவங்களையும் தீய பழக்கங்களையும் சொல்லி மறுத்தார். சில நாள்கள் கழித்து மீண்டும் வாக்கெடுப்பு. மீண்டும் அதே முடிவு. அப்போதும் அவர் தாமாக இசையவில்லை. தம் சபையைச் சாராத பிரான்சிஸ்கன் துறவி ஒருவரிடம் சென்று, மூன்று நாள்கள் தம் வாழ்நாள் முழுவதற்குமான பாவ அறிக்கை செய்து, தீர்ப்பை அவரிடமே விட்டார். ஏற்றுக்கொள்ளுமாறு அத்துறவி சொன்ன பின்னரே பொறுப்பேற்றார்.

நாள்தோறும் ஆன்ம சோதனை செய்ய உலகுக்குக் கற்பித்தவர் இஞ்ஞாசியார். தம்மைத் தாமே ஆராய்வதில் அவரைவிடத் தேர்ந்தவர் அரிது. அவரே, இப்பணிக்குத் தகுதியுள்ளவனா என்ற கேள்வியில் தம் தீர்ப்பைத் தாமே நம்பவில்லை. தம் குறைகளை முழுவதும் கேட்ட ஒருவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டார். போலித் தாழ்ச்சி இப்படிச் செய்யாது. தன்னைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் பிறர் மறுத்துரைப்பதற்காக அது காத்திருக்கும்.

வாக்கை எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்ட சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலும் மணப்பாடும் அவர் நடந்த ஊர்கள். 1544இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு அவர் அடுத்தடுத்து எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே அறிவுரை: மக்களிடம் பொறுமையாக இரும், அன்பாக நடந்துகொள்ளும். சவேரியாரோ விரைவே உருவான மனிதர். ஒரு நாடு முடியுமுன் அடுத்த நாட்டை நோக்கியவர். அத்தகையவர் பொறுமையைப் பற்றி இத்தனை முறை எழுதினார் என்றால், அதன் ஒரு பகுதி தமக்கே எழுதிக்கொண்டதாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விரைவு குற்றமா?

இவ்விடத்தில் நியாயமான ஒரு தடை எழும். எந்நேரமும் தன் குறையையே எண்ணி, கடைசி ஆள் வரை கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பவன் எப்போது செயல்படுவான்? தயக்கமும் தலைமைக்குக் கேடுதானே?

2023 டிசம்பர் 17 இரவு இதற்கு விடை தருகிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மழை மூழ்கடித்த அந்த இரவில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் சல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. ரயில் நகர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது. அந்த நேரத்தில் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்க இயலாது. நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். அங்கே உறுதியே அன்பு.

ஆனால் ரயில் நின்ற பிறகு தொடங்கிய மணிநேரங்களையும் பாருங்கள். சுற்றிலும் வெள்ளம். உணவு இல்லை. அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் வீடுகளையே வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்துப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். ஓர் உறுதியான முடிவு உயிர்களைக் காத்தது. அடுப்படியில் நின்ற பெயரறியாக் கைகள் அந்த உயிர்களைத் தாங்கின. முதலாவதை மட்டும் தலைமை என்று சொல்லி, இரண்டாவதை 'உதவி' என்று சொல்லிக் கடந்துவிடுவதுதான் என் பழைய நோய்.

ஆகவே விரைவு குற்றம் அன்று. வெள்ளத்திற்கு உரிய விரைவை வாய்க்கால் வெட்டுமிடத்திலும் காட்டியது என் தவறு. எங்களுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு நண்பனின் சொல்லைக் கேட்கப் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் எவர் உயிரும் போயிராது.

கரையில் மூட்டிய தீ

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை அண்மைக்காலமாகப் புதிய கண்ணோடு படிக்கிறேன். இரவு முழுவதும் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத சீடர்கள் கரைக்கு வரும்போது, உயிர்த்த ஆண்டவர் அங்கே கரித்தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். சாவை வென்று வந்தவர் சமையல் பார்க்கிறார்! அந்தத் தீயின் அருகில்தான், தலைமைக் குரு முற்றத்தில் இன்னொரு கரித்தீயின் அருகே மறுதலித்த பேதுருவிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார்.

பேதுருவின் நிறையும் குறையும் ஒன்றே: முந்திக்கொள்வது. கடலில் முதலில் குதிப்பவரும் அவர், முதலில் வாக்குக் கொடுப்பவரும் அவர், அவ்வாக்கை விட்டு வீழ்பவரும் அவர். அந்தக் குறையைக் களைந்துவிட்டு வா என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர் வீழ்ந்த இடத்தை நினைவூட்டும் ஒரு தீயின் அருகே அமர்த்தி, உணவளித்து, பெயர் சொல்லி அழைத்து, பிறகு ஆடுகளை ஒப்படைக்கிறார். தன் குறையைப் பிறர் வாயால் கேட்டு வலித்தவனிடம்தான் மந்தையை நம்பி விடலாம் போலும்.

நிலத்தில் எழுதிய பாடம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழமையானவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. இவை நீரைப் பெரிதாகத் தேக்கி வைத்துக்கொள்ளும் அணைகள் அல்ல. கால்வாய்க்குள் நுழையும் அளவுக்கு நீர்மட்டத்தை உயர்த்திவிட்டு, மிஞ்சியதைத் தம் மேலேயே வழியவிட்டு அடுத்ததற்கு அனுப்பிவிடுகின்ற தாழ்வான கட்டுகள். மேலே உள்ளது தனக்கு வேண்டியதற்கு மேல் எடுத்தால் கீழே உள்ளது வாடும்.

நம் உழவர்கள் ஒரு பாசனத்தின் செம்மையைத் தலைமடையில் நின்று பார்த்துச் சொல்வதில்லை. அங்கே எப்போதும் நீர் இருக்கும். கடைமடைக்கு எட்டியதா என்றுதான் கேட்பார்கள். தலைமைக்கும் சோதனை அங்கேதான். பள்ளிக்கூடத்து மாணவர் குழுவாயினும், பங்குப்பேரவையாயினும், அன்பியமாயினும், இளைஞர் இயக்கமாயினும், தலைவருக்கு அருகில் அமர்பவர்கள் அவருடைய நிறைகளை அறிவார்கள். அவருடைய குறைகளை அறிந்தவர்கள் கதவருகே நிற்பவர்கள். கூட்டம் முடிந்ததும் பாய்களைச் சுருட்டுபவர்கள். கருத்துச் சொல்ல வாயெடுத்து ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பின் மறுபடி வாய் திறவாதவர்கள்.

கர்தினால் கார்டைன் இளந்தொழிலாளர்க்குக் கற்பித்து, 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்த வழிமுறை மூன்று படிகளைக் கொண்டது: நிலைமையைக் காண்பது, அதனைச் சீர்தூக்குவது, பின் செயல்படுவது. நம் மாணவர் இயக்கங்களில் பலருக்கும் பழகிய முறையே. வறுமையையும் அநீதியையும் அவ்வாறு ஆராயக் கற்றோம். நம் தலைமையை ஆராயும்போதும் அதே முறையைக் கைக்கொள்ளலாம். காண்பது என்னும் முதற்படியில் மட்டும் நம் கண்ணை நம்பாமல், கடைசியில் நிற்பவரின் கண்ணைக் கடன் வாங்க வேண்டும். ஒரு பணி முடிந்ததும் அவரைத் தனியே சென்று கண்டு, "என்னால் உமக்கு நேர்ந்தது என்ன?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும்போது இடைமறித்து விளக்கம் தராதிருக்க வேண்டும். அந்த இரண்டாவதுதான் மிகக் கடினம்.

இவற்றையெல்லாம் அந்த மாணவரிடம் சுருக்கமாகச் சொல்லியனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தார். தம் குழுவில் இருந்த ஐவரையும் தனித்தனியே கண்டு கேட்டதாகச் சொன்னார். படிவத்தின் வெற்றிடத்தில் இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றை இங்குச் சொல்வது முறையன்று. எழுதும்போது அவர் கை நடுங்கியிருக்கிறது என்பது மட்டும் எழுத்தில் தெரிந்தது.

"நான்கு பேர் சொல்லிவிட்டார்கள் சார். ஒருவன் மட்டும் 'ஒன்றுமில்லை' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்" என்றார்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசல்வரை சென்று திரும்பிப் பார்த்தார்.

"அவனிடம்தான் மறுபடியும் போக வேண்டும், இல்லையா சார்?"